முடிவுநாள் இல்லாத தாள்: பெங்களூரு நீதிமன்றங்களில் பிடியாணையின் வரலாறு

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் ஒரு சிறிய உட்பிரிவு உண்டு. நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணை, பிறப்பித்த அந்நீதிமன்றமே அதனை நீக்கும் வரையிலோ அது நிறைவேற்றப்படும் வரையிலோ நடப்பில் இருக்கும் என்பது அதன் பொருள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விதி 70ஆம் பிரிவாயிற்று. 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72ஆம் பிரிவாயிற்று. 125 ஆண்டுகளில் பேரரசு போனது, சமஸ்தானம் போனது, குடியரசு வந்தது. இவ்விதியின் உட்பொருள் மட்டும் மாறவில்லை.

இதன்படி ஒரு பிடியாணைக்கு இரண்டே முடிவுகள் உள்ளன. ஆள் பிடிபட வேண்டும். அல்லது பிறப்பித்த நீதிமன்றமே அதைத் திரும்பப் பெற வேண்டும். காலம் கடந்தது, காவலர் மாறினார், நடுவர் ஓய்வுபெற்றார் என்பவற்றால் அது காலாவதியாவதில்லை. பத்தாண்டு நிலைய அலமாரியில் கிடந்த தாளும் நேற்று முத்திரையிட்ட தாளும் சட்டத்தின் முன் ஒரே வலிமை உடையவை.

பிடியாணை எப்படிப் பிறக்க வேண்டும், யார் கையொப்பமிட வேண்டும், யார் கொண்டு செல்ல வேண்டும் என்பவற்றைச் சட்டம் தொடக்கத்திலிருந்தே நுணுக்கமாக வகுத்தது. நீக்கப்பட்ட பிடியாணை எங்கே பதிவாக வேண்டும், அச்செய்தி யாருக்குச் சென்று சேர வேண்டும் என்பது பற்றி அது ஏறத்தாழ மௌனம் காத்தது. பெங்களூருவின் நீதிமன்ற வரலாறு இந்தச் சமனின்மையை மற்ற நகரங்களைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

*சொல்லும் பொருளும்*

ஆங்கிலச் சட்டமரபில் நீதிபதி தம் இருக்கையிலிருந்தே பிறப்பிக்கும் கைது ஆணைக்கு ‘பெஞ்ச் வாரண்டு’ என்று பெயர். அமெரிக்கக் கவுண்டி நீதிமன்றங்களில் குறித்த நாளில் வராதவர்மீது பிறப்பிக்கப்படும் ஆணையை இன்றும் இப்பெயரால் அழைப்பர். இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இச்சொல் ஒரு தனி வகையைக் குறிப்பதில்லை. ஆனால் அதற்கு நிகரான ஆணைகள் இரண்டு பிரிவுகளிலிருந்து பிறக்கின்றன.

முதலாவது, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87ஆம் பிரிவு. அழைப்பாணை முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டது மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும், தக்க காரணமின்றி ஒருவர் வராதபோது, காரணங்களை எழுத்தில் பதிந்து நீதிமன்றம் பிடியாணை பிறப்பிக்கலாம். ஒருவர் தலைமறைவாகிவிட்டார், அல்லது அழைப்பாணைக்குக் கீழ்ப்படியமாட்டார் என நம்பக் காரணம் இருந்தாலும் இப்பிரிவு பொருந்தும். இரண்டாவது, 89ஆம் பிரிவு. வருவேன் எனப் பிணைமுறி எழுதிக்கொடுத்தவர் வராதபோது அது பொருந்தும். புதிய சன்ஹிதாவில் இவை முறையே 90, 92 ஆகிய பிரிவுகள்.

நாளிதழ்களில் அடிக்கடி காணும் ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்டு’ என்ற தொடரின் வேர் 71ஆம் பிரிவில் உள்ளது. குறித்த தொகைக்குப் பிணை கொடுத்தால் ஆளை விடுவிக்கலாம் என்று நீதிமன்றம் பிடியாணையின் மீதே குறிப்பெழுதலாம். அக்குறிப்பு இருந்தால் அது பிணையுள்ள பிடியாணை. இல்லையேல் பிணையில்லாப் பிடியாணை. ஒரு மனிதர் அன்றிரவு வீட்டில் உறங்குவாரா காவல் நிலையத்தில் உறங்குவாரா என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கிறது.

*ஒரு நகரம், இரண்டு ஆட்சிகள்*

1809இல் பிரித்தானியர் அல்சூரை ஒட்டிப் படைமுகாம் அமைத்தபோது பெங்களூரு இரு நகரங்களாகத் தொடங்கிற்று. மேற்கே கோட்டையும் பேட்டையும். கிழக்கே தண்டு எனப்பட்ட கன்டோன்மென்ட். முகாமோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்ப் படைவீரர்களும் வணிகர்களும் கைவினைஞர்களும் கூலித் தொழிலாளரும் வந்து குடியேறினர். அல்சூர், இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதி ஆகியவற்றின் தமிழ் முகம் அக்காலத்தது.

1881 மார்ச் 25 அன்று மைசூர் ஆட்சி மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது தண்டுப் பகுதி மட்டும் ‘சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் பிரித்தானிய நிர்வாகத்திற்கு ஒதுக்கப்பட்டது. மைசூரின் பிரித்தானிய ரெசிடென்ட் அதன் ஆட்சித் தலைவர். அவருடைய நீதிமன்றமே அப்பகுதிக்கு உயர்நீதிமன்றத்தின் இடத்தில் இருந்தது. பேட்டைப் பகுதியோ மைசூர் அரசின் நீதிமன்றங்களுக்கு உட்பட்டது. அவற்றின் உச்சியில் 1884இல் மைசூர்த் தலைமை நீதிமன்றம் அமைந்தது, அது 1930இல் உயர்நீதிமன்றம் ஆயிற்று. 1883இல் திறக்கப்பட்ட மேயோ ஹால் தண்டின் அடையாளமாகவும், 1868இல் நிறைவுற்ற அட்டாரா கச்சேரி பழைய மைசூர் நிர்வாகத்தின் அடையாளமாகவும் நின்றன. இன்று இரண்டு கட்டடங்களிலும் நீதிமன்றங்களே இயங்குகின்றன.

சட்டத்தின் பார்வையில் இப்பிரிவினைக்கு ஒரு விநோதமான விளைவு இருந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, பிடியாணையைப் ‘பிரித்தானிய இந்தியாவில்’ எங்கும் நிறைவேற்றலாம் என்றது. மைசூர் சமஸ்தானம் பிரித்தானிய இந்தியா அன்று. தண்டுப் பகுதியில் ஆண்டவர் பிரித்தானியர். எனினும் அந்நிலம் மைசூருக்குரியது என்ற கோட்பாடு கைவிடப்படவில்லை. ஆகவே அதுவும் பிரித்தானிய இந்தியாவின் பகுதியாகக் கருதப்படவில்லை. பிரித்தானிய இந்தியச் சட்டங்கள் அங்கே அயல்நில அதிகார வரம்பு ஆணைகளின் வழியாகவே செல்லுபடியாயின. ஒரே கடைவீதியின் இரு முனைகளில் இரண்டு இறையாண்மைகளின் பிடியாணைகள் தத்தம் எல்லைக்குள் வலிமை பெற்றிருந்தன.

எல்லை தாண்டியவரைக் கொண்டுவர 1903ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம் வழிவகுத்தது. சமஸ்தானத்தில் குற்றம் செய்து பிரித்தானிய இந்தியாவுக்குள் சென்றவரைப் பிடிக்க, அச்சமஸ்தானத்துக்கான அரசியல் முகவர் அந்தந்த மாவட்ட நடுவருக்குப் பிடியாணை அனுப்ப வேண்டும். மைசூரைப் பொறுத்தவரை அம்முகவர் ரெசிடென்ட். அன்று ஓசூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மைசூர் நடுவர் ஒருவர் தம் கையொப்பத்தால் மட்டும் ஓசூரில் ஓர் ஆளைப் பிடிக்க இயலாது. தாள் ரெசிடென்ட் அலுவலகம் சென்று சேலம் நடுவருக்கு வந்தாக வேண்டும். அதுவும் அச்சட்டத்தின் அட்டவணையில் கண்ட குற்றங்களுக்கே. அட்டவணையில் இல்லாத சிறு வழக்கொன்றில் நாள் தவறியவருக்கு, எல்லைக்கு அப்பாலான சிற்றூரே புகலிடமாக இருக்கச் சட்டம் இடம் வைத்திருந்தது.

எல்லைக்கோட்டை மீறிய பிடியாணை என்னவாகும் என்பதை 1897இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் தீர்மானித்தது. சிம்லா நடுவர் பிறப்பித்த பிடியாணையின்படி முகமது யூசுப்-உத்-தீன் என்பவர் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள், ரயில் நிலையமொன்றில் கைது செய்யப்பட்டார். ரயில் நிலத்தின் மீதான அதிகாரத்தை நிஜாம் பிரித்தானியருக்கு விட்டுக்கொடுத்திருந்ததால் கைது செல்லும் என்பது அரசின் வாதம். விட்டுக்கொடுத்தது ரயில்வே நிர்வாகம் சார்ந்த அதிகாரம் மட்டுமே. ரயில்வேயோடு தொடர்பற்ற குற்றத்துக்காக அங்கே சிம்லாவின் பிடியாணையை நிறைவேற்ற இயலாது என்று பிரிவி கவுன்சில் கூறிற்று. பிடியாணை என்பது ஆளைத் தொடரும் நிழல் அன்று. அது நிலத்தோடு கட்டுண்ட தாள் என்ற கோட்பாட்டை இதைவிடத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு அக்காலத்தில் அரிது.

*எல்லை அழிந்தது, ஒரு கதவு மட்டும் மாறவில்லை*

1947இல் தண்டுப் பகுதி மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சி ஆயின. 1951இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் முன்னாள் சமஸ்தானங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டம், பிடியாணையை இந்தியாவின் எவ்விடத்திலும் நிறைவேற்றலாம் என்றது. ஒருகாலத்தில் நிலத்தோடு கட்டுண்டிருந்த தாள், குமரி முதல் காஷ்மீர் எல்லை வரை செல்லும் ஆற்றல் பெற்றது.

நிறைவேற்றும் எல்லை இவ்வாறு நாடளவு விரிந்தபோதும், நீக்கும் அதிகாரம் ஓர் அங்குலமும் நகரவில்லை. பிறப்பித்த நீதிமன்றம் மட்டுமே நீக்க முடியும் என்ற பழைய விதி அப்படியே தொடர்ந்தது. எந்த ஊர்க் காவலரும் பிடிக்கலாம். விடுவிக்கும் திறவுகோல் ஒரே அறையில். ஒருமையின் பெயரால் செய்யப்பட்ட சீர்திருத்தம் அரசுக்குத் தூரத்தைக் குறைத்தது, குடிமகனுக்குக் குறைக்கவில்லை.

இவ்விதியின் வலிமையைக் கர்நாடகம் 2004இல் கண்டது. 1994இல் ஹூப்ளி ஈத்கா மைதானத்தில் நடந்த நிகழ்வு தொடர்பான வழக்கில் ஹூப்ளி நீதிமன்றம் உமா பாரதிமீது பிணையில்லாப் பிடியாணை பிறப்பித்தது. அப்போது அவர் மத்தியப் பிரதேச முதலமைச்சர். 2004 ஆகஸ்டு 23 அன்று பதவி விலகி, ஹூப்ளிக்கு வந்து சரணடைந்தார். வழக்கின் அரசியல் நியாயங்கள் ஒருபுறம் இருக்க, நடைமுறை வரலாற்றில் இந்நிகழ்வுக்குத் தனி இடம் உண்டு: பத்தாண்டுக்கு முந்தைய நிகழ்வின் தாளுக்கு, முதலமைச்சரும் அத்தாள் பிறந்த ஊருக்கே வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதலமைச்சருக்கு விமானமும் வழக்கறிஞரும் இருப்பர். சென்ட்ரிங் வேலைக்குப் பெங்களூரு வந்து மூன்று மாதத்தில் ஊர் திரும்பியவருக்கு அவை இல்லை.

*அறியாமலே பிறக்கும் ஆணைகள்*

பெங்களூருவில் பிடியாணை பெருகியதற்குக் கொலை, கொள்ளை வழக்குகள் மட்டும் காரணமல்ல. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பணமின்றித் திரும்பிய காசோலை அன்று முதல் குற்றவியல் வழக்காயிற்று. வணிகமும் கடனும் பெருகிய நகரில் நடுவர் நீதிமன்றங்களின் பட்டியல்கள் இவ்வழக்குகளால் நிரம்பின. நகரின் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிகள் கூடுதல் தலைமைப் பெருநகர நடுவர்களாகவும் இவற்றை விசாரித்தனர்.

வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்ற வினாவும் இரண்டே ஆண்டில் இருமுறை புரண்டது. 2014இல் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம், காசோலை கொடுத்தவரின் வங்கிக்கிளை உள்ள இடத்தில்தான் வழக்கு நடக்க வேண்டும் என்றது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றி, காசோலையைக் கணக்கில் செலுத்திய பெறுநரின் வங்கிக்கிளை உள்ள ஊருக்கே வழக்கைக் கொண்டுசென்றது. விளைவு வெளிப்படை. பெங்களூரு மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்த ஓசூர், ஆம்பூர், சேலத்துக் கடைக்காரர்கள் தங்கள் ஊரில் அன்றி, பெங்களூரு நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவர்கள் ஆயினர்.

அழைப்பாணை வந்ததே தெரியாமல் பிடியாணை வரை செல்வதற்கும் சட்டமே ஒரு வழி வைத்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 144ஆம் பிரிவின்படி, விரைவஞ்சலில் சென்ற அழைப்பாணையைப் பெற மறுத்தார் என்று அஞ்சல் ஊழியர் எழுதினால், அது சேர்ப்பிக்கப்பட்டதாக நீதிமன்றம் கொள்ளலாம். வாடகை வீட்டை மாற்றியவர்களுக்கு, பழைய முகவரியில் எழுதப்பட்ட ஒரு குறிப்பே வழக்கின் அடுத்த கட்டத்தைத் திறந்துவிடக்கூடும். இந்தியன் பேங்க் அசோசியேஷன் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், முறையீட்டாளர் சரியான முகவரி தர வேண்டும், மின்னஞ்சல் வழியாகவும் அழைப்பாணை அனுப்ப வேண்டும் என்று அறிவுறுத்தியது இந்த இடைவெளியை உணர்ந்துதான்.

ஆள் கிடைக்காத வழக்குகளுக்குக் கர்நாடக நீதிமன்றங்களில் ஒரு தனி வாழ்க்கை உண்டு. பல குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் மட்டும் வராதபோது அவர் பெயரிலான வழக்கு பிரிக்கப்பட்டுப் புதிய எண் பெறும். தொடர்ந்து ஆள் கிடைக்காவிடில் அது ‘எல்.பி.சி.’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நெடுநாள் நிலுவை வழக்குகளின் பதிவேட்டுக்குச் செல்லும். கூட்டாளிகள் விடுதலையாகி ஊர் திரும்பிய பின்னும் அந்த ஒருவரின் பெயர் மட்டும் அப்பதிவேட்டில் தங்கியிருக்கும். வழக்கு முடிந்துவிட்டது என்று பிறர் வாயால் கேட்டு நிம்மதி அடைந்தவரைத் தேடி, காவல்துறையின் அடுத்த நிலுவை வாரண்டு வேட்டையின்போது ஆள் வருவது இவ்வாறுதான்.

*இரண்டு தீர்ப்புகள்*

பிடியாணையின் பிறப்பை நெறிப்படுத்திய முக்கியத் தீர்ப்பு 2007ஆம் ஆண்டின் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கு. முறையீட்டு வழக்குகளில் முதலில் அழைப்பாணை, அதற்கு வராவிடில் பிணையுள்ள பிடியாணை, அதற்கும் வேண்டுமென்றே வராவிடில்தான் பிணையில்லாப் பிடியாணை என்ற படிமுறையை உச்ச நீதிமன்றம் வகுத்தது. தனிமனித விடுதலையையும் சமூக நலனையும் சீர்தூக்கிப் பார்க்காமல் இவ்வாணையைப் பிறப்பிக்கலாகாது என்றும் எச்சரித்தது.

பிடியாணையின் இறப்பைப் பற்றிப் பேசிய தீர்ப்பு நான்காண்டு கழித்து வந்தது. மும்பை வழக்கறிஞர் ரகுவன்ஷ் திவான்சந்த் பாசின்மீது ஒரு தனியார் முறையீட்டில் பிணையில்லாப் பிடியாணை பிறந்தது. அவர் நீதிமன்றத்தில் தோன்றி 2002இல் அதை நீக்கிக்கொண்டார். ஆனால் நீக்கப்பட்ட அத்தாள் காவலர் கையிலேயே இருந்தது. அதைக் காட்டி அவர் கைது செய்யப்பட்டார். பம்பாய் உயர்நீதிமன்றம் 2,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. 2011இல் உச்ச நீதிமன்றம் அத்தொகையை உயர்த்தவில்லை. ஆனால் அவர் வழக்கை முன்னிட்டு நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது.

ஒவ்வொரு நீதிமன்றமும் பிடியாணைகளுக்கெனப் பதிவேடு வைக்க வேண்டும். அதில் ஏறாமல் எந்த ஆணையும் வெளியே செல்லலாகாது. காவல் நிலையமும் அதேபோன்ற பதிவேடு பேண வேண்டும். குறித்த நாளில் தாள் நிறைவேறியோ நிறைவேறாமலோ திரும்பி வர வேண்டும். ஆணை நீக்கப்பட்டால் அது வழக்குக் கட்டிலும் பதிவேட்டிலும் எழுதப்பட வேண்டும். நகல் உரிய காவல் அதிகாரிக்கு அனுப்பப்பட்டு, நிறைவேற்றாத தாள் உடனே திரும்பப் பெறப்பட வேண்டும். அது திரும்பிய நாளும் பதியப்பட வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் ஒரு நகல் தரப்பட வேண்டும்.

1898இல் சட்டம் சொல்லாமல் விட்ட வாக்கியத்தை 113 ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் எழுதியது எனலாம். பிடியாணை நீக்கப்படுவது நடுவரின் ஆணையில். அது உண்மையில் அடங்குவது தாள் திரும்பி வரும் நாளில். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பாசின் கைதானார்.

*தேடுதலும் தீர்த்தலும்*

அமெரிக்காவின் பல கவுண்டிகளில் ஷெரிப் அலுவலகங்கள் நிலுவைப் பிடியாணைகளின் பட்டியலை இணையத்திலேயே வெளியிடுகின்றன. பெயரை இட்டுத் தேடலாம். இந்தியாவில் தேடல் வழக்கின் வழியாகவே நடைபெறுகிறது. 2013இல் தொடங்கப்பட்ட இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்குக்குரிய 16 இலக்க சி.என்.ஆர். எண், வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், தரப்பினர் பெயர் ஆகியவற்றுள் ஒன்றைக்கொண்டு தேடலாம். அன்றாட நடவடிக்கைக் குறிப்பில் ‘என்.பி.டபிள்யூ.’ என்ற எழுத்துகள் கண்ணில் பட்டால், பிணையில்லாப் பிடியாணை பிறந்திருக்கிறது. ஆனால் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பலவாறாக எழுதப்படுவதும், தமிழர்க்குத் தலைப்பெழுத்து முன்னும் பின்னும் இடம் மாறுவதும் தேடலை வழிதவறச் செய்யும். பிரிக்கப்பட்ட வழக்கு புதிய எண்ணில் இருப்பது மற்றொரு இடர். வழக்குப் பதிவான காவல் நிலையமும் நீதிமன்ற அலுவலகமும் இன்றும் தவிர்க்க இயலாத இடங்கள்.

தீர்க்கும் முறை எழுத்தில் எளிது. வராதவர் வழக்கறிஞருடன் அந்நீதிமன்றத்தில் தோன்றி, வராமைக்குக் காரணம் கூறி, 70ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்கீழ், இன்று 72ஆம் பிரிவின்கீழ், ஆணையைத் திரும்பப் பெறக் கோரி மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றப் பேச்சில் இதற்கு ‘வாரண்டு ரீகால்’ என்று பெயர். நடுவர் காரணத்தை ஏற்றால் ஆணை நீங்கும், செலவுத்தொகை விதிக்கலாம், புதிய பிணைமுறியும் பிணையாளரும் கேட்கலாம். முன்னைய பிணைமுறி பறிமுதலாகியிருந்தால் அதற்கான தொகை பற்றிய நடவடிக்கை தனியே நடைபெறும். காரணத்தை ஏற்காவிடில் காவலில் வைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தாமாக வந்து நிற்பவருக்கும் பிடித்துக் கொண்டுவரப்படுபவருக்கும் நடுவர் பார்வையில் உள்ள வேறுபாடு சட்டத்தில் எழுதப்படாதது; ஆயினும் பிணையளிப்பில் அதற்கே எடை மிகுதி.

பிறிதோர் ஊரில் பிடிபட்டவருக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80, 81ஆம் பிரிவுகள் வகுத்த ஒரு பாதுகாப்பு உண்டு. பிறப்பித்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்குள் இல்லாவிடில், பிடிபட்ட இடத்து நடுவர் அல்லது உரிய காவல்துறை உயர் அதிகாரிமுன் அவரை நிறுத்த வேண்டும். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தொலைவு 20 மைல். ஓசூர் பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கே பிடிபடுபவரை இரவோடிரவாக எல்லை கடத்திச் செல்லச் சட்டம் இடம் தருவதில்லை. 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்ற அரசமைப்பின் 22ஆம் உறுப்பும் இதற்கு அரணாக நிற்கிறது. ஆனால் ஓசூர் நடுவர் அந்தப் பிடியாணையை நீக்க இயலாது. சட்டம் அனுமதிக்கும் நிலைகளில் பிணையளித்து, பெங்களூருவில் தோன்றுமாறு அனுப்ப மட்டுமே இயலும். பழைய எல்லைக்கோடு இறையாண்மையிலிருந்து விலகி, தூரமாகவும் பயணச்செலவாகவும் ஒருநாள் கூலி இழப்பாகவும் உருமாறி நிற்கிறது.

வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்க்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வழிசெய்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் முதலியோருக்கு அதன் 12ஆம் பிரிவின்கீழ் இலவச உதவி உரிமையாகிறது. பெங்களூருவில் கர்நாடக மாநில ஆணையத்தின் அலுவலகம் நியாய தேகுல கட்டடத்தில் உள்ளது. பிடியாணையை அஞ்சி நீதிமன்றத்தையே தவிர்ப்பவருக்கு, நீதிமன்றத்தின் ஒரு கரமே துணைக்கு இருக்கிறது என்பது பெரும்பாலும் சென்று சேராத செய்தி.

*2024க்குப் பின்*

2024 ஜூலை 1 முதல் புதிய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பெருநகர நடுவர் என்ற தனி வகுப்பை அது கைவிட்டது. பழைய நீதிமன்றப் பெயருடன் கூடிய தாள்கள் புதிய பெயர்களின்கீழ் தொடர்கின்றன. நிலுவை நடவடிக்கைகளை 531ஆம் பிரிவு காத்திருப்பதால், பழைய பிடியாணைகளும் தப்பிப் பிழைத்தன.

புதியதாக வந்த 356ஆம் பிரிவு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். கடுங்குற்றங்களில் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டுத் தப்பியோடியவர் இல்லாமலே விசாரணையை நடத்தித் தீர்ப்பளிக்க அது இடம் தருகிறது. அதற்கு முன் குறைந்தது 30 நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு பிடியாணைகள் பிறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. இதுவரை பிடியாணை ஆளைக் கொண்டுவரும் கருவி மட்டுமே. இனி ஆள் வராமலே தீர்ப்புக்குச் செல்லும் பாதையின் ஒரு படிக்கல்லாகவும் அது ஆகிறது. தாள் உண்மையில் உரியவரின் கதவைத் தட்டியதா என்ற பழைய வினா, அதனால் முன்னிலும் கனம் பெறுகிறது.

குடியேற்ற ஆட்சி பிடியாணையை ஓர் எல்லையில் நிறுத்தியது. குடியரசு அந்த எல்லையை அழித்தது. இணையம் தாளைப் பதிவாக்கியது. மூன்று கட்டங்களிலும் சீர்திருத்தத்தின் கண் ஆளைப் பிடிப்பதன் விரைவின் மீதே இருந்தது. நீக்கும் ஆணை, காவல் நிலையத்தை அதே விரைவில் சென்றடைய வேண்டும் என்ற கோரிக்கை 2011இல் வழிகாட்டு நெறியாகத்தான் எழுந்தது. 2023இல் முழுச் சட்டத்தையும் புதிதாக எழுதும் வாய்ப்பு நாடாளுமன்றத்துக்குக் கிடைத்தபோதும், 72ஆம் பிரிவு பழைய விதியையே மீண்டும் ஏற்றது; நீக்கத்தின் பதிவு பற்றிய நெறிமுறை அப்பிரிவில் இடம்பெறவில்லை.

ஆகவே, மேயோ ஹாலிலோ நிருபதுங்கா சாலையிலோ ஒரு பிடியாணையை நீக்கிக்கொண்டு வெளியே வருபவரின் கையில் நீக்க ஆணையின் சான்றிட்ட நகல் இருக்கிறதா என்பது சிறு வினா அன்று. அந்நகலைப் பெறுவது அவருடைய உரிமை. நீதிமன்றப் பதிவேட்டுக்கும் காவல் நிலையப் பதிவேட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி அடையும் வரை, அந்த ஒற்றைத் தாளே அவருடைய விடுதலையின் சான்று.